ஆங்கிலத்தில் விரைவு குறிக்கும் கால வினையடைகள்: ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்க்குப் பெரிய சொற்களைக் காட்டிலும் சிறிய சொற்களே மிகுதியும் இடர் தருகின்றன. அவற்றுள்ளும் காலங்குறிக்கும் வினையடைகள் தரும் இடர் தனித்தன்மை உடையது. 'நௌ' என்பது இப்பொழுது, 'தென்' என்பது அப்பொழுது, 'சூன்' என்பது விரைவில் என்று இளமையிலேயே நெட்டுருச் செய்கின்றோம். பின்னர் 'ஆஸ் சூன் ஆஸ்' என்னும் தொடரைக் காணுமிடத்து 'விரைவில்' என்னும் பொருள் பொருந்துவதில்லை. 'அவர் வந்தவுடன்' என்னும் தமிழ்த்தொடரிலுள்ள 'உடன்' என்பதே அங்கு வேண்டப்படுகின்றது. தனித்து நிற்குங்கால் சிறிது காலத்தாழ்வைக் குறிக்கும் சொல், தொடரில் நிற்குங்கால் சிறிதும் தாழ்வின்மையைக் குறிப்பது எங்ஙனம்?

பள்ளி இலக்கணங்கள் இதனை மரபு என்று கூறி அமையும். மரபு என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒவ்வொரு மரபிற்கும் பின்னே ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாதார் மரபை மனப்பாடம் செய்யலாமே அன்றி விளங்கிக்கொள்ளுதல் அரிது. 'உடனே' என்று பொருள்பட்ட ஆங்கிலச் சொற்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக, 'சிறிது நேரங்கழித்து' என்னும் பொருளுக்கு நெகிழ்ந்து வந்துள்ளன. அந்நெகிழ்ச்சியின் வரலாற்றையும் காரணத்தையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். பழைய ஆங்கில ஆவணங்களையும் மொழிபெயர்ப்புகளையும் சான்றாகக் கொள்ளும் தமிழ் ஆராய்ச்சியாளர்க்கு இஃது இலக்கண நயம் பற்றியதொரு செய்தி மட்டுமன்று. சான்றின் பொருளையே மாற்றவல்லதொரு செய்தியாகும்.

2. 'சோனா'வும் 'சூனும்'

இன்றைய 'சூன்' என்பதன் பழைய வடிவம் 'சோனா' என்பது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'உடனே' என்பதே பொருள். ஏறத்தாழ கி.பி. 1000 அளவில் எழுந்த மேலைச் சாக்சன் நற்செய்தி மொழிபெயர்ப்பில், இலத்தீன் மூலம் 'ஸ்டாட்டிம்' என்று கூறும் இடங்கள் பலவற்றில் 'சோனா' என்னும் சொல்லே நிற்கின்றது. 'ஸ்டாட்டிம்' என்பது இடையீடின்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாதலின், அக்காலத்து 'சோனா'வின் கூர்மை ஐயத்திற்கு இடமின்றி விளங்கும்.

பின்வந்த நூற்றாண்டுகளில் இச்சொல் மெல்ல நெகிழ்ந்து, 'அண்மையில் வரவிருக்கும் ஒரு காலத்தில்' என்னும் பொருளை அடைந்தது. ஆயினும் பழம்பொருள் முற்றும் அழிந்துபடவில்லை. 'ஆஸ் சூன் ஆஸ்' என்பதிலும், 'நோ சூனர்' என்று தொடங்கும் தொடரிலும் அது தங்கிவிட்டது. தனிச்சொல் பேச்சில் ஓயாது பயின்று தேய்ந்தது. இறுகிய தொடருள் அகப்பட்ட சொல்லோ தேயாது நின்றது. வழக்கிழந்த பொருள்கள் தொடர்மொழிகளுள் எஞ்சி நிற்றல் தமிழிலும் நாம் காணும் நிகழ்ச்சியே. ஆகவே மாணவரை மயக்கும் அவ்விரு பொருள்களும் ஒரு சொல்லின் இருவேறு காலத்து நிலைகள் என்பது பெறப்படும்.

3. 'அனான்' என்னும் சொல்

'சூன்' நெகிழ்ந்துழி அதன் இடத்தை நிரப்ப வந்த சொற்களுள் 'அனான்' என்பது ஒன்று. 'ஒன்றில்' என்று பொருள்படும் 'ஒன் ஆன்' என்னும் இருசொற்கள் இணைந்து அஃது உருவாயிற்று. ஒன்றில் நிகழ்வது இடையீடின்றி நிகழ்வதாகலின், 'உடனே' என்னும் பொருள் அதற்கு எளிதில் அமைந்தது. இன்று வழங்கும் 'அட் ஒன்ஸ்' என்பதும் 'ஒன்று' என்னும் எண்ணுப்பெயரின் அடியாகவே பிறந்தது. தமிழில் மூன்றாம் வேற்றுமைச் சொல்லுருபாகவும் வரும் 'உடன்' என்னும் சொல், ஒருங்குநிகழ்தலை உணர்த்தி, ஏகாரம் பெற்று 'உடனே' என விரைவுப்பொருள் தருதலை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. இடத்தாலும் நிகழ்ச்சியாலும் ஒருங்கிருத்தலே காலத்தால் தாழாமையாகக் கருதப்படுதல் இருமொழிக்கும் பொதுவாதல் நோக்கத்தக்கது.

1400-இல் மறைந்த சாசரின் செய்யுட்களில் 'அனான்' என்பது தனித்தும், 'ரைட்' என்னும் அடைபெற்று 'அனான்-ரைட்' என்றும் வருகின்றது. கூரிய சொல்லுக்கு மேலும் கூர்மை வேண்டப்படுதல், அது தேயத் தொடங்கியமைக்கு ஓர் அறிகுறி எனல் தகும். பிற்காலத்தார் 'நௌ' என்பதனை வலியுறுத்த 'ரைட் நௌ' என்று கூறுதலும் இவ்வகையினதே.

இச்சொல் தேய்ந்த வகையை நேரிற் கண்டாற்போலக் காட்டும் காட்சியொன்று ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதற்பகுதியில் உள்ளது. 1598-இல் அச்சேறிய அந்நாடகத்தின் இரண்டாம் அங்கம் நான்காங் காட்சியில், ஈஸ்ட்சீப் மதுக்கடையில் மது ஊற்றித்தரும் பிரான்சிஸ் என்னும் பணியிளைஞன் வருகின்றான். இளவரசன் தன் தோழனை வேறோர் அறையில் நிறுத்தி, அங்கிருந்து அவ்விளைஞனை ஓயாது அழைக்குமாறு ஏவிவிட்டுத் தான் அவனொடு பேச்சுக் கொடுக்கின்றான். அழைப்பு வருந்தோறும் இளைஞன் 'அனான்' என்று மறுமொழி கூறுகின்றான், ஆனால் செல்கின்றானல்லன். ஈற்றில் இருவரும் ஒருங்கே அழைக்க, எத்திசைச் செல்வதென அறியாது திகைத்து நிற்கின்றான்.

அக்காலத்தில் அச்சொல்லுக்கு 'உடனே' என்பதும் 'சிறிது பொறுத்து' என்பதும் ஆகிய இருபொருளும் வழங்கின. பணியிளைஞன் கூறும் சொல் 'உடனே வருகின்றேன்' என்பது. அவன் செயலோ 'பிறகு வருவேன்' என்பது. கேட்போர் நாளடைவில் சொல்லை விடுத்துச் செயலையே பொருளாகக் கொண்டனர். நகைச்சுவைக்காக அமைந்த இக்காட்சி, சொற்பொருள் மாறும் முறைக்குத் தக்கதொரு சான்றாகவும் அமைந்துவிட்டது.

4. 1611-ஆம் ஆண்டு விவிலியமும் அதன் திருத்தமும்

பொருள் நெகிழ்ச்சியால் விளையும் இடர்ப்பாட்டை அளந்து காண்டற்கு ஏற்ற களம் ஆங்கில விவிலியமே. முதலாம் ஜேம்ஸ் மன்னன் காலத்தில், 1611-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு, 1526-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட டிண்டேலின் மொழிநடையைப் பெரிதும் தழுவியது. ஆதலின் அதன் சொற்கள் பல, வெளிவந்த நாளிலேயே பழமை சான்றனவாக இருந்தன. 270 ஆண்டுகள் கழித்து, 1881-இல், திருத்திய பதிப்பின் புதிய ஏற்பாடு வெளிவந்தது. இவ்விரண்டனையும் அருகருகே வைத்து நோக்கின் கால வினையடைகளின் வரலாறு புலனாகும்.

மத்தேயு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் விதைப்பவன் உவமை கூறப்படுகின்றது. கற்பாறை நிலத்தில் விழுந்த விதை உடனே முளைத்தது என்றும், அந்நிலம் போல்வார் திருமொழியை உடனே மகிழ்ந்து ஏற்பர் என்றும், துன்பம் வந்துழி உடனே இடறுவர் என்றும் அவ்வுவமை செல்கின்றது. கிரேக்க மூலத்தில் மூன்றிடத்தும் ஒருவேர்ப் பிறந்த ஒரே சொல்லே உள்ளது. 1611-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பாளர் முதலிடத்தில் 'ஃபோர்த்வித்' என்றும், இரண்டாமிடத்தில் 'அனான்' என்றும், மூன்றாமிடத்தில் 'பை அண்ட் பை' என்றும் பெயர்த்தனர். அவர்க்கு இம்மூன்றும் 'உடனே' என்னும் ஒருபொருட் பன்மொழிகளே. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டினர்க்கு முதலொன்று மட்டுமே கூர்மையுடையது. ஏனைய இரண்டும் காலந்தாழ்த்தும் சொற்கள். எனவே, விதை உடனே முளைத்தது, ஆனால் மனிதர் சிறிது பொறுத்து ஏற்றனர், பின்னர் ஒருநாள் இடறினர் என்று உவமை சிதைந்துபோம். விரைந்து ஏற்றவர் அவ்வளவு விரைவாகவே இழப்பர் என்பதே உவமையின் உயிர். திருத்தியோர் மூன்றிடத்தும் 'ஸ்ட்ரெய்ட்வே' என்னும் ஒரே சொல்லை அமைத்து அவ்வுயிரை மீட்டனர்.

மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில், ஏரோதியாளின் மகள் திருமுழுக்கு யோவானின் தலையைத் தட்டில் வைத்துத் தருமாறு மன்னனைக் கேட்கும் இடத்தும் 1611-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'பை அண்ட் பை' என்றே கூறுகின்றது. இற்றை ஆங்கிலப் பொருளின்படி, ஆறுதலாகத் தந்தாற் போதும் என்று அவள் கேட்டதாக ஆகும். அவள் விரைந்து வந்தாள் என அவ்வசனமே கூறுவதற்கு இது முரண். 1881-ஆம் ஆண்டுத் திருத்தியோர் 'ஃபோர்த்வித்' என்று மாற்றினர். தமிழ் விவிலியம் அவ்விடத்தில் 'இப்பொழுதே' என்று கூறுதலின், பழைய ஆங்கிலப் பெயர்ப்பையும் தமிழ்ப் பெயர்ப்பையும் ஒப்பிடும் மாணவர் தமிழே பிழைபட்டதென மயங்கக்கூடும். உண்மையில் இரண்டும் ஒன்றையே கூறுகின்றன; ஆங்கிலச் சொல்லே தன் நிலையினின்று பெயர்ந்தது.

இவற்றினும் வலியதொரு சான்று லூக்கா நற்செய்தி இருபத்தோராம் அதிகாரத்தில் உள்ளது. போர்களும் குழப்பங்களும் முதலில் நிகழ வேண்டும். முடிவு உடனே வாராது என்பது அங்குள்ள கருத்து. பழைய பெயர்ப்பு 'உடனே' என்னும் பொருளில் 'பை அண்ட் பை' என்பதனை எதிர்மறையொடு புணர்த்துள்ளது. இன்றைய பொருளில் அதனைப் படிப்பார், 'முடிவு பின்னரும் வாராது' என்று கொள்ளுதல் கூடும். முடிவு தாழ்த்து வரும் என்னும் கருத்து, முடிவே இல்லை என்னும் கருத்தாகத் தலைகீழாகின்றது. எதிர்மறை வாக்கியத்தில் காலச்சொல்லின் சிறு நெகிழ்ச்சியும் பொருளை முற்றும் புரட்டிவிடும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

5. 'ப்ரெசன்ட்லி'யின் இருமை

'ப்ரெசன்ட்லி' என்பது 'நிகழ்காலம்' என்று பொருள்படும் சொல்லின் அடியாகப் பிறந்தது. ஆதலின் 'இப்பொழுது', 'இப்பொழுதே' என்பன அதன் பழம்பொருள்கள். மத்தேயு இருபத்தோராம் அதிகாரத்தில் அத்திமரம் பட்டுப்போன நிகழ்ச்சியை 1611-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இச்சொல்லாற் குறிக்கின்றது. திருத்திய பதிப்பு 'இம்மீடியட்லி' என மாற்றிக் கொண்டது. 1755-இல் வெளிவந்த ஜான்சனின் அகராதி இச்சொல்லுக்கு நிகழ்காலப் பொருளையும், உடனே அல்லது சற்றுப்பின் என்னும் பொருளையும் ஒருங்கே தருகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இச்சொல் இருநிலைக்கும் நடுவே நின்றது என்பது இதனாற் போதரும்.

பின்னர் இங்கிலாந்தில் 'சற்று நேரத்தில்' என்னும் பொருளே மேலோங்கியது. ஸ்காத்லாந்திலும் அமெரிக்காவிலும் 'இப்பொழுது' என்னும் பழம்பொருள் வழக்கொழியாது நிலைபெற்றது. ஆகவே அமெரிக்கர் அச்சொல்லை 'இப்பொழுது' என்னும் பொருளில் ஆளுதலைப் பிழை என்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. பழமையின் எச்சம் என்று கூறுதலே பொருந்தும்.

இவ்விருமையுள் உரிய பொருளைத் துணிதற்குக் கருவி, வினைமுற்றின் காலமே. 'பேராசிரியர் சிதம்பரத்தில் இருக்கின்றார்' என்பது போன்ற நிகழ்கால வினையொடு இச்சொல் வருமாயின் 'இப்பொழுது' என்பது பொருள். 'பேராசிரியர் வருவார்' என்பது போன்ற எதிர்கால வினையொடு வருமாயின் 'சற்று நேரத்தில்' என்பது பொருள். வினையடை தனித்துப் பொருள் தருவதன்று. வினையின் காலத்தொடு கூடியே பொருள் தருவது. 1795-இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் ஆங்கில இலக்கணமும், நடந்துகொண்டிருக்கும் நூற்றாண்டைக் குறிக்கும் தொடரொடு வரும் வினைவடிவம் வேறு, கழிந்த நூற்றாண்டைக் குறிக்கும் தொடரொடு வரும் வினைவடிவம் வேறு என்று எடுத்துக்காட்டி இவ்வியைபை வற்புறுத்துகின்றது. 'ஜஸ்ட் நௌ' என்னும் தொடர் இறந்தகால வினையொடு 'சற்றுமுன்' என்றும், நிகழ்கால வினையொடு 'இந்நொடியில்' என்றும் பொருள்படுதலும் இவ்வியைபு பற்றியே. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் அத்தொடர் எதிர்காலத்தொடு 'சிறிது நேரங்கழித்து' என்னும் பொருளில் வழங்குதலை நோக்கின், பழைய நெகிழ்ச்சி இன்றும் ஓய்ந்திலது என்பது தெளிவாம்.

6. நெகிழ்ச்சியின் காரணம்

இச்சொற்கள் ஒரே திசையில் நெகிழ்ந்தமைக்குக் காரணம் யாது? வெஸ்ட்மின்ஸ்டரில் டீன் பதவி வகித்து, பின்னர் டப்ளின் பேராயராக விளங்கிய ரிச்சர்ட் செனெவிக்ஸ் டிரெஞ்ச் என்னும் அறிஞர் 1859-இல் வெளியிட்ட சொற்றொகுதியில் இதனை எடுத்தாண்டு, மனிதரின் நீங்காத காலந்தாழ்த்தும் இயல்பே காரணம் என்றார். 1857-இல் இவர் மொழிநூற் கழகத்தில் அகராதிகளின் குறைபாடுகளைப் பற்றி ஆற்றிய உரைகளே, 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928-இல் நிறைவெய்திய ஆக்ஸ்போர்டு பேரகராதிக்கு ஊக்கமளித்தன. புதிய ஏற்பாட்டைத் திருத்திய குழுவிலும் இவர் ஓர் உறுப்பினர். சொல்லின் வரலாற்றை ஆராய்ந்தவரே அச்சொல்லை மாற்றும் பணியிலும் பங்கு கொண்டமை குறிப்பிடத்தக்கது.

டிரெஞ்ச் கூறிய காரணம் உண்மையே ஆயினும் முழுமையானதன்று என்பது நம் கருத்து. காலந்தாழ்த்தலே காரணமாயின் 'உடனே' என்னும் பொருளுடைய எல்லாச் சொற்களும் ஒருங்கே நெகிழ்ந்திருத்தல் வேண்டும். 'ஃபோர்த்வித்' என்பது சட்டமொழியில் இன்றும் கூர்மை குன்றாது நிற்கின்றது. 'இம்மீடியட்லி' என்பதும் பெரிதும் அத்தகையதே. 'அனான்', 'டைரக்ட்லி' போன்றவையோ தேய்ந்தன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் சொல்வோன் நிலை எனக் கருதுகின்றோம். ஆணையிடுவோன் வாயில் வழங்கும் சொல், தாழ்த்தலைத் தண்டிக்கும் அதிகாரத்தால் காக்கப்படுகின்றது. மறுமொழி கூறுவோன் வாயில் வழங்கும் சொல்லுக்கு அக்காவல் இல்லை. பணிவும் அச்சமும் முகமனும் அதனை நாள்தோறும் தேய்க்கின்றன. மதுக்கடை இளைஞன் பொய் கூறக் கருதினானல்லன். இருவர் அழைக்க ஒருவனாக நின்றவன் வேறென் சொல்லுவான்?

7. தமிழ் இலக்கண நெறியோடு ஒப்பு

விரைவு கருதிக் காலம் பிறழ்தலைத் தமிழ் இலக்கணத்தார் நெடுங்காலத்திற்கு முன்னரே ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியச் சொல்லதிகார வினையியல், எதிர்காலத்தும் நிகழ்காலத்தும் உரிய வினை, விரைவுப்பொருள் கருதுமிடத்து இறந்தகாலத்தாற் கூறப்படும் என்று விதிக்கின்றது. அதற்குச் சேனாவரையர் காட்டும் எடுத்துக்காட்டில், இன்னும் உண்ணாதிருப்பவன் தன்னொடு செல்ல வேண்டுவோன் வினவியவழி, தான் உண்டதாகவும் புறப்பட்டதாகவும் இறந்தகாலத்தாற் கூறுகின்றான். நன்னூலாரும் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவை பற்றிக் காலம் மயங்குதலை உடன்பட்டனர்.

ஈஸ்ட்சீப் பணியிளைஞனும் உரையாசிரியர் காட்டும் உண்போனும் ஒரே நிலையில் நிற்போரே. இருவரும் அழைப்பார்க்கு மறுமொழி கூறுகின்றனர். இருவரும் தாழ்த்தலை மறைக்கும் விரைவை மொழியில் காட்டுகின்றனர். ஆங்கிலம் அவ்விரைவை வினையடையின்மேல் ஏற்றியது. அதனால் வினையடை தேய்ந்தது. தமிழ் அவ்விரைவை இங்கு வினைமுற்றின்மேல் ஏற்றியது. இறந்தகால இடைநிலையோ எண்ணிறந்த பிற இடங்களில் தன் பொருளில் வழங்குதலின் அதற்குத் தேய்வு நேரவில்லை. இதனை வழுவென்று தள்ளாது வழுவமைதி என்று போற்றிக்கொண்ட நம் இலக்கண மரபு, ஆங்கில வினையடைகளின் வரலாற்றை விளங்கிக்கொள்ளவும் நமக்குத் துணை செய்கின்றது.

8. ஆராய்ச்சியாளர் கொள்ளத்தக்கன

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி 1600-இல் உரிமை பெற்றது; சென்னையில் நிலக்கொடை பெற்றது 1639-இல். அதனால் பதினேழாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் வரலாற்றை எழுதுவோர் அக்கால ஆங்கிலக் கடிதங்களையும் நிகழ்ச்சிக் குறிப்புகளையும் புறக்கணித்தல் இயலாது. அவற்றில் 'ப்ரெசன்ட்லி' என்னும் சொல் வருமாயின், 'உடனே' என்னும் பொருளை முதலில் வைத்து ஆராய்தல் வேண்டும். ஓர் ஆணை உடனே நிறைவேற்றப்பட்டதா, காலந்தாழ்த்து நிறைவேற்றப்பட்டதா என்பதே வழக்காயுள்ள இடத்தில், இற்றைப் பொருளைக் கொண்டு துணிவார் வரலாற்றையே பிழைபட எழுதியவராவர்.

இவ்வெச்சரிக்கை அகராதிகளுக்கும் ஏற்கும். 1862-இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதியையும், 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனையும் நாம் நாள்தோறும் ஆளுகின்றோம். அவற்றின் ஆங்கிலப் பொருள்விளக்கங்கள் அவ்வவ் யாண்டின் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழ்ச்சொல்லின் காலத்தை ஆராயும் நாம், அதனை விளக்கும் ஆங்கிலச் சொல்லின் காலத்தையும் ஆராய்தல் கடனாகும்.

9. முடிவுரை

'சோனா' முதல் 'ஜஸ்ட் நௌ' ஈறாக ஒரு நெறியே தொடர்ந்து வருகின்றது. கூரிய சொல்லொன்று வழக்கில் தேயும். அதன் இடத்திற்குப் புதியதொரு சொல் வரும். அதுவும் மறுமொழியாகப் பயின்று தேயும். ஆதலின் இச்சொற்களைச் செவ்வனே ஆளவும் உணரவும் விரும்புவார் மூன்றனை வினவுதல் வேண்டும். சொல் எந்நூற்றாண்டினது? அது புணர்ந்துநிற்கும் வினை எக்காலத்தது? அதனைக் கூறுவோன் ஏவுவோனா, ஏவப்பட்டோனா? முதல் வினா அகராதியால் விடைபெறும். இரண்டாவது இலக்கணத்தால் விடைபெறும். மூன்றாவதற்கு விடை, பேசுவோர் இருவரையும் அவர்தம் நிலையையும் நேர்நின்று காண்பதுபோல் உணர்ந்து படிப்பார்க்கே புலனாகும்.